ஒரே நோட்டுக் கம்பெனி, ஓர் ஆண்டு முழுக்க: வணிகக் கல்விக்குப் பாட வளங்கள் தயாரிக்கும் முழு வழிகாட்டி

வணிகக் கல்வி எடுக்கும் ஆசிரியருக்குப் பொருள் பஞ்சம் கிடையாது. தேடினால் பயிற்சித் தாள்களும் ஸ்லைடுகளும் காணொளிகளும் கொட்டிக் கிடக்கின்றன. நானும் முதல் இரண்டு ஆண்டுகள் சேர்த்துக்கொண்டே இருந்தேன். ஃபோல்டர் பெருத்தது, வகுப்பு மாறவில்லை.

ஏன் என்று யோசித்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. திங்கட்கிழமைத் தாளில் ஒரு பேக்கரி, புதன்கிழமைத் தாளில் ஒரு முடிதிருத்தகம், வெள்ளிக்கிழமை ஒரு கார் தொழிற்சாலை. பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் ஒரு புது நிறுவனத்தைப் புரிந்துகொள்வதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. அதைவிடப் பெரிய நஷ்டம், பாடங்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதே இல்லை. விலையைக் குறைத்தால் ரொக்கம் என்ன ஆகும், ரொக்கம் வற்றினால் ஆள் எடுக்க முடியுமா, ஆள் இல்லாவிட்டால் ஆர்டரை முடிக்க முடியுமா என்ற சங்கிலிதான் இந்தப் பாடத்தின் உயிர். அத்தியாயத்துக்கு ஒரு நிறுவனம் என்று மாற்றிக்கொண்டே போனால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும்.

ஆகவே இங்கே நான் சொல்லப்போகும் முறை ஒரே ஒரு கற்பனை நிறுவனத்தைச் சுற்றியது. அதை ஆண்டு முழுக்க வளர்க்க வேண்டும், மற்ற வளங்கள் எல்லாம் அதில் வந்து ஒட்ட வேண்டும்.

படி 1: பாடத்திட்டத்தின் வினைச்சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

பாடத்திட்டத்தை எடுத்து, தலைப்புகளை விட்டுவிட்டு வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். வரையறு, விளக்கு, கணக்கிடு, ஒப்பிடு, பரிந்துரை செய், நியாயப்படுத்து. உலகின் பல தேர்வு வாரியங்கள் இந்தப் பாடத்தை ஏறக்குறைய நான்கு திறன்களாகப் பிரித்து மதிப்பெண் தருகின்றன: தெரிந்திருப்பது, தெரிந்ததைக் கொடுத்த நிறுவனத்துக்குப் பொருத்துவது, காரண காரியத்தை அலசுவது, முடிவெடுத்து அதை நியாயப்படுத்துவது.

இப்போது உங்களிடம் இருக்கும் தாள்களை இந்த நான்கு பெட்டிகளில் போடுங்கள். முதல் பெட்டி நிரம்பி வழியும், நான்காவது ஏறக்குறைய காலியாக இருக்கும். என்னுடையது அப்படித்தான் இருந்தது. கோடிட்ட இடத்தை நிரப்பும் தாளை யார் வேண்டுமானாலும் பத்து நிமிடத்தில் தயாரித்துவிடலாம். முடிவெடுக்க வைக்கும் தாளுக்கு ஒரு மாலை முழுக்கத் தேவைப்படும். அதனால்தான் அது அரிது.

படி 2: கழித்துக் கட்டுங்கள்

ஒவ்வொரு தாளையும் ஒரே கேள்வியால் சோதியுங்கள்: கொடுத்த தகவலை மறைத்துவிட்டாலும் மாணவர் இதற்கு விடை எழுத முடியுமா? முடியும் என்றால் அந்தத் தகவல் வெறும் அலங்காரம். “விளம்பரத்தின் நன்மைகள் மூன்று எழுதுக” என்பதற்கு மேலே அரைப்பக்கக் கதை எதற்கு? அப்படிப்பட்டவற்றைத் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள். மனம் வராவிட்டால் ‘பழையவை’ என்று ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். அதைத் திறக்கவே மாட்டீர்கள்.

படி 3: வகுப்புக்கென ஒரு நிறுவனம்

பொருள் எளிமையாக இருக்க வேண்டும், மாணவர் கையில் எடுத்துப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். நான் எடுத்துக்கொண்டது நோட்டுப் புத்தகம். இரண்டு நண்பர்கள் ஒரு வாடகை அறையில் நோட்டுகள் தயாரித்து விற்கிறார்கள். நிறுவனத்தின் பெயரை மாணவர்களே வைக்கட்டும். பெயர் வைத்தவர்களுக்கு அந்தக் கம்பெனி மூழ்கும்போது உண்மையாகவே கொஞ்சம் வலிக்கும், அந்த வலி நமக்குத் தேவை.

அடிப்படை விவரங்கள் அரைப்பக்கம் போதும். எண்களை மனக்கணக்கு போடும் அளவுக்கு உருண்டையாக வையுங்கள். பணத்தின் அலகு எதுவாகவும் இருக்கட்டும்.

- ஒரு நோட்டின் விற்பனை விலை 50
- மாறும் செலவு ஒரு நோட்டுக்கு 30 (தாள் 20, அட்டை 6, நூலும் பசையும் 4)
- நிலையான செலவு மாதத்துக்கு 6,000 (அறை வாடகை 4,000, எந்திர வாடகை 1,500, இதர 500)
- இப்போதைய விற்பனை மாதத்துக்கு 400 நோட்டுகள்
- எந்திரத்தால் முடிந்த அதிகபட்சம் 500
- கையிருப்பு ரொக்கம் 15,000

நண்பர்கள் இருவரும் சம்பளம் எடுத்துக்கொள்வதில்லை என்பதை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். கூர்மையான ஒரு பிள்ளை எப்படியும் கேட்கும்: “அப்போ அவங்க உழைப்புக்கு விலையே இல்லையா?” அந்தக் கேள்வி வரும் நாள் நல்ல நாள். நீங்களாக முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

படி 4: காகிதங்களை உண்மைபோல் செய்யுங்கள்

பாடநூலில் படிக்கும் ‘கொள்முதல் ஆணை’ என்ற சொல்லை விட, கசங்கிய ஒரு கொள்முதல் ஆணைத் தாள் நன்றாகக் கற்றுக்கொடுக்கும். தாள் வியாபாரியின் பில், கடைக்காரர் அனுப்பிய ஆர்டர், வங்கிக் கணக்கு அறிக்கை, வாடகை ஒப்பந்தத்தின் ஒரு பக்கம், கோபமான ஒரு வாடிக்கையாளர் கடிதம். இந்த ஐந்து இருந்தால் முதல் பருவம் ஓடிவிடும்.

ஒரு தந்திரம்: ஏதாவது ஒரு பில்லில் தவறு வையுங்கள். ஆர்டர் செய்தது 400 அட்டை, வந்தது 380, பில்லில் 400க்கான தொகை. யாரும் கவனிக்காமல் பணம் கட்டச் சொல்லிவிட்டால், அடுத்த வகுப்பில் அந்த 20 அட்டைக்கான 120ஐ ரொக்கத்திலிருந்து கழித்துவிடுங்கள். ஆவணங்களை ஏன் ஒப்பிட்டுப் பார்க்கிறோம் என்று அதற்குப் பிறகு விளக்க வேண்டியிருக்காது.

நிறுவன வடிவங்களுக்கு ஒரு சிறு அட்டை போதும். நிறுவனத்தின் சொத்து 20,000, கடன் 50,000. மீதி 30,000ஐ யார் கட்டுவது? தனியாள் வணிகம் என்றால் உரிமையாளரின் சொந்தச் சொத்து வரை கை நீளும். சாதாரணக் கூட்டாண்மையில் கூட்டாளிகள் இருவரும் மாட்டிக்கொள்வார்கள். வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கம்பெனி என்றால் பங்குதாரர் போட்ட முதலோடு நஷ்டம் நின்றுவிடும். ஆனால் சிறு கம்பெனிகளுக்குக் கடன் தரும் வங்கிகள் பல நேரம் உரிமையாளரின் சொந்த உத்தரவாதத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளும். இந்தக் கடைசித் தகவலை இரண்டாவது அட்டையாகத் தனியே கொடுங்கள். முதல் அட்டையில் “கம்பெனிதான் சிறந்தது” என்று அடித்துச் சொன்னவர்கள் மறுபடி யோசிப்பார்கள்.

படி 5: லாப நட்டமற்ற புள்ளியில் நின்று நிதானியுங்கள்

இந்தத் தலைப்பை மட்டும் அவசரப்படாமல் எடுக்கச் சொல்வேன். சூத்திரம் எல்லோருக்கும் தெரியும்: நிலையான செலவை ஒரு நோட்டின் பங்களிப்பால் வகுக்க வேண்டும். பங்களிப்பு என்பது விலையில் மாறும் செலவு போக மிஞ்சுவது: 50 − 30 = 20. ஆக 6,000 ÷ 20 = 300 நோட்டுகள். பெரும்பாலான பயிற்சித் தாள்கள் இங்கேயே நின்றுவிடுகின்றன. நம் வேலை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

வகுப்பை மூன்று குழுவாகப் பிரித்து, ஆளுக்கொரு செய்தி கொடுங்கள்.

முதல் குழு: போட்டியைச் சமாளிக்க விலையை 45 ஆகக் குறைக்கிறீர்கள்.
இரண்டாம் குழு: தாள் விலை ஏறியதால் மாறும் செலவு 35 ஆகிவிட்டது.
மூன்றாம் குழு: பகுதிநேரப் பணியாளர் ஒருவரை எடுக்கிறீர்கள், மாதம் 2,000 நிலையான சம்பளம்.

மூன்று குழுவும் புதுப் புள்ளியைக் கணக்கிட்டுப் பலகையில் எழுதட்டும். மூன்றுக்கும் விடை 400. யாரோ காப்பி அடித்துவிட்டார்கள் என்று சலசலப்பு எழும். அடங்கியதும் கேளுங்கள்: “சரி, மூன்றும் ஒன்றுதானா?”

500 நோட்டு விற்கும் மாதத்துக்கு லாபம் போடச் சொல்லுங்கள். முதல் இரண்டு குழுவுக்கும் 1,500 வரும். பணியாளர் எடுத்த குழுவுக்கு 2,000. இப்போது 300 மட்டும் விற்ற மந்தமான மாதத்துக்குப் போடச் சொல்லுங்கள். முதல் இரண்டுக்கும் நஷ்டம் 1,500. பணியாளர் குழுவுக்கு நஷ்டம் 2,000. நிலையான செலவு ஏறினால் நல்ல மாதம் இன்னும் நல்லதாகவும் கெட்ட மாதம் இன்னும் கெட்டதாகவும் ஆகிறது என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். வரைபடத்தில் கோடுகளின் சரிவு ஏன் முக்கியம் என்பதும் அப்போதுதான் உறைக்கும்.

அதன் பிறகு இன்னொரு கேள்வி. முதல் இரண்டு குழுவுக்கும் எல்லா எண்களும் ஒன்றேதான். ஆனால் ஒன்று நாமே எடுத்த முடிவு, மற்றொன்று நம் தலையில் விழுந்தது. விலையைக் குறைத்தவருக்குக் கூடுதல் விற்பனை கிடைக்க வாய்ப்பு உண்டு. தாள் விலை ஏறியவருக்கு அந்த ஆறுதல் இல்லை. எண்கள் சொல்லாததைச் சொல்லப் பழக்கும் இடம் இது.

அடுத்த வகுப்புக்கு ஒரு சிறப்பு ஆர்டர். ஒரு வாடிக்கையாளர் 200 நோட்டு கேட்கிறார், விலை 38தான் தருவாராம். வாங்கலாமா? முதலில் எந்திரத்தின் அளவைப் பற்றி வாயே திறக்காதீர்கள். இப்போதைய லாபம் 400 × 20 − 6,000 = 2,000. ஆர்டரில் ஒரு நோட்டுக்கு 8 வீதம் 1,600 கூடும். லாபம் 3,600. எல்லோரும் கை தூக்குவார்கள். பிறகு படி 3இல் கொடுத்த தாளைத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். எந்திரத்தால் 500தான் முடியும். 200ஐ இவருக்குக் கொடுத்தால் வழக்கமானவர்களுக்கு 300தான் மிஞ்சும். 300 × 20 + 1,600 − 6,000 = 1,600. இருந்ததைவிட 400 குறைவு.

சரியான விடை “வேண்டாம்” என்று முடித்துவிடவும் கூடாது. அந்த வாடிக்கையாளர் அடுத்த ஆண்டு பெரிய ஆர்டர் தருவாரா? 38க்கு விற்ற சேதி 50 கொடுத்து வாங்குபவர் காதுக்குப் போனால் என்ன ஆகும்? 100 நோட்டு மட்டும் தருகிறோம் என்று பேரம் பேசலாமா? ஒரே தாளில் கணக்கும் அலசலும் முடிவும் வந்துவிடுகின்றன.

படி 6: ரொக்கம் வேறு, லாபம் வேறு

“லாபம் வந்தால் பணம் இருக்கும்” என்ற நினைப்பைப் பேச்சால் மாற்ற முடியாது, அட்டவணையால்தான் முடியும். நோட்டுக் கம்பெனியின் வாடிக்கையாளர்கள் எல்லோரும் ஒரு மாதக் கடனில் வாங்குகிறார்கள் என்று வையுங்கள். செலவுகளுக்கு மட்டும் கையோடு பணம் கொடுத்தாக வேண்டும்.

மாதம் 1: கையிருப்பு 15,000, வரவு ஏதுமில்லை, செலவு 18,000. மிச்சம் −3,000.
மாதம் 2: வரவு 20,000, செலவு 18,000. மிச்சம் −1,000.
மாதம் 3: அதேபோல. மிச்சம் 1,000.

மூன்று மாதமும் லாபம் 2,000 வீதம் வந்திருக்கிறது. ஆனால் இரண்டு மாதம் கையில் காசில்லை. இதோடு நிறுத்தாமல், இரண்டாம் மாதம் விற்பனை 500 ஆக உயர்ந்தது என்று மாற்றுங்கள். அந்த மாத லாபம் இரட்டிப்பாகி 4,000 ஆகிறது. ரொக்கமோ −1,000க்குப் பதில் −4,000. விற்பனை வளர வளரப் பள்ளம் ஏன் ஆழமாகிறது என்று விளக்கச் சொல்லி ஒரு பத்தி எழுத வையுங்கள். பிறகு, பாதி வாடிக்கையாளர்கள் உடனடியாகப் பணம் தந்தால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்க்கட்டும். 400 விற்பனையிலேயே முதல் மாத முடிவில் 7,000 கையில் நிற்கும்.

இதற்கு எக்செல் தாளைவிட நல்ல கருவி கிடையாது. எக்செல் போன்ற விரிதாள் மென்பொருளின் பிறப்பே ஒரு வணிகக் கல்வி வகுப்பறையில்தான். ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் மாணவராக இருந்த டான் பிரிக்லின், கரும்பலகையில் ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லாக் கட்டங்களையும் அழித்து எழுத வேண்டியிருந்ததைக் கண்டார். பாப் ஃபிராங்ஸ்டனோடு சேர்ந்து அவர் உருவாக்கிய விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருள் 1979இல் வெளியானது. இந்தக் கதையை வகுப்பில் சொல்லிவிட்டு, மாணவர்களையும் ஒரு முறை காகிதத்தில் அழித்து அழித்து எழுத விடுங்கள். அதன் பிறகு கணினியைத் திறங்கள்.

எக்செல் தாள் தயாரிக்கும்போது ஒரே விதி: மாறக்கூடிய எண்கள் அனைத்தும் மேலே ஒரு கட்டத்தில், வேறு நிறத்தில் இருக்கட்டும். கீழே உள்ள அட்டவணையில் நேரடியாக எண் எதுவும் தட்டப்படக் கூடாது, எல்லாம் சூத்திரம். நான் ஒருமுறை ஒரு செல்லில் 18,000 என்று கையால் தட்டிவிட்டு மறந்துபோனேன். வகுப்பு முழுக்கத் தாள் விலையை ஏற்றுகிறது, இறக்குகிறது, செலவு அசையவே இல்லை. ஒரு மாணவிதான் கண்டுபிடித்தார். இப்போது அப்படி ஒரு பிழையை நானே ஒளித்துவைத்துத் தேடச் சொல்கிறேன்.

கணினி இல்லாத பள்ளி என்றால் பெரிய தாளில் அட்டவணை வரைந்து, எண்களைச் சிறு துண்டுச் சீட்டுகளில் எழுதி நகர்த்தலாம். வேகம் குறையும், புரிதல் குறையாது.

படி 7: நிஜ நிறுவனங்களைத் துணைக்கு அழையுங்கள்

கற்பனைக் கம்பெனி மட்டும் போதாது. பருவத்துக்கு இரண்டு மூன்று நிஜக் கதைகள் வேண்டும். ஆனால் அவை நோட்டுக் கம்பெனி சந்திக்கும் சிக்கலுக்குப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும்.

சந்தை ஆய்வுப் பாடத்துக்கு கோகோ கோலாவின் 1985 அனுபவம் பொருந்தும். ஏறக்குறைய 2 லட்சம் பேரிடம் சுவைச் சோதனை நடத்தி, புதுச் சுவை பிடித்திருக்கிறது என்ற முடிவோடு 1985 ஏப்ரல் 23 அன்று பழைய கலவையை மாற்றினார்கள். வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். 79 நாளில், ஜூலை 11 அன்று, பழையது ‘கிளாசிக்’ என்ற பெயரோடு திரும்பி வருவதாக அறிவிப்பு வந்தது. தாளைத் தயாரிக்கும்போது முடிவை முதல் பக்கத்தில் போடாதீர்கள். முதல் பக்கத்தில் சுவைச் சோதனை முடிவு மட்டும் இருக்கட்டும், “மாற்றலாமா?” என்று வாக்கெடுங்கள். பெரும்பாலோர் மாற்றலாம் என்பார்கள். இரண்டாம் பக்கத்தைக் கொடுத்த பிறகு கேள்வி: இத்தனை பேரிடம் கேட்டும் எந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டார்கள்? உங்கள் நோட்டுக் கம்பெனியின் கருத்துக்கணிப்பில் அதே ஓட்டை இருக்கிறதா?

கேமரா ஃபிலிம் தயாரித்த கோடாக்கின் கதை இன்னும் பிரபலம், அதனாலேயே ஆபத்தானது. 1975இல் அங்கே வேலை பார்த்த ஸ்டீவன் சாசன் என்ற பொறியாளர் டிஜிட்டல் கேமராவின் முன்மாதிரியைச் செய்தார். நிறுவனம் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோரியது. இந்த இரண்டு தகவலை மட்டும் வைத்து “புதுமையை ஒதுக்கியதால் அழிந்தது” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆனால் 2000களின் நடுவில் அமெரிக்க டிஜிட்டல் கேமரா விற்பனையில் கோடாக் முன்வரிசையில் இருந்தது. அப்படியானால் சிக்கல் வேறு எங்கோ இருக்கிறது. ஃபிலிமில் கிடைத்த லாப விகிதம் கேமரா விற்பனையில் கிடைக்குமா? அந்த லாபத்தை நம்பிக் கட்டிய ஆலைகளையும் ஆட்களையும் என்ன செய்வது? மூன்றாவது தகவலைத் தனித் தாளில் வைத்திருந்து, மாணவர்கள் தீர்ப்பு எழுதி முடித்த பிறகு கொடுங்கள்.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பெரிய நிறுவனங்கள் தங்கள் ஆண்டறிக்கையை இணையதளத்தில் வைத்திருக்கும். முழு அறிக்கையையும் பிள்ளைகளிடம் கொடுத்தால் மிரண்டுவிடுவார்கள். தலைவர் கடிதம், லாப நட்டக் கணக்கு, இடர்ப்பாடுகள் பற்றிய பகுதி என மூன்று பக்கம் போதும். தலைவர் கடிதத்தின் உற்சாகமும் இடர்ப்பாட்டுப் பகுதியின் பயமும் ஒரே நிறுவனத்தைப் பற்றியவைதானா என்று ஒப்பிடுவது சுவையான வேலை.

படி 8: கோட்பாடுகள், படங்கள்

உளவியலாளர் மாஸ்லோ படிப்படியாக அடுக்கிய ஐந்து மனிதத் தேவைகள் என்றாலே முக்கோணம் வரைந்து வண்ணம் தீட்டுவது வழக்கமாகிவிட்டது. 1943இல் அவர் எழுதிய கட்டுரையில் அந்த முக்கோணமே கிடையாது. வண்ணம் தீட்டும் நேரத்தை மிச்சம் பிடித்து, பகுதிநேரப் பணியாளருக்கு ஒரு கதை கொடுங்கள்: மாதம் 2,000 வாங்குகிறார், வேலை சலிப்பாக இருக்கிறது என்கிறார். 300 சம்பள உயர்வா, அட்டை வடிவமைக்கும் பொறுப்பா, எதைக் கொடுப்பது? அடுத்து, வேலையில் மனநிறைவு தருவது எது, அதிருப்தி தருவது எது என்று ஆராய்ந்த ஹெர்ஸ்பெர்க். 1959இல் வெளியான அவருடைய ஆய்வு சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி கண்டு செய்யப்பட்டது. அவர்களுக்குப் பொருந்தியது நோட்டு தைப்பவருக்கும் பொருந்துமா என்று கேட்டால், கோட்பாட்டை மதிப்பிடுவது என்றால் என்ன என்று புரிந்துவிடும்.

வலிமை, பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்ற நான்கு கட்டத்துக்கு ஒரு நிபந்தனை போடுங்கள்: ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஆதார ஆவணத்தின் எண் இருக்க வேண்டும். “நல்ல தரம்” என்று எழுதினால், எந்தக் காகிதம் அப்படிச் சொல்கிறது? ஆன்சாஃப் அட்டவணை (பொருள், சந்தை என்ற அடிப்படையில் வளரும் வழிகள்), பாஸ்டன் அட்டவணை (சந்தைப் பங்கு, சந்தை வளர்ச்சி என்ற அடிப்படையில் பொருள்களைப் பிரிப்பது) போன்றவற்றுக்கும் இதே வைத்தியம்தான்.

படி 9: கையும் காலும் அசையும் பாடங்கள்

உற்பத்தி முறைகளுக்குக் காகித உறை மடிக்கும் விளையாட்டு. முதல் சுற்றில் ஒவ்வொருவரும் தனியாக ஐந்து நிமிடம் முழு உறையும் செய்ய வேண்டும். இரண்டாம் சுற்றில் அளவெடுப்பவர், வெட்டுபவர், மடிப்பவர், ஒட்டுபவர், சரிபார்ப்பவர் என வரிசை. எத்தனை தேறியது, எத்தனை தள்ளுபடி ஆனது, யார் முன்னால் குவியல் சேர்ந்தது என்று குறிக்கத் தனியே ஓர் ஆளை நிறுத்துங்கள். அந்தக் குறிப்புத் தாள்தான் உண்மையான வளம், விளையாட்டு அதற்கான சாக்கு.

அதோடு இரண்டு எண்களைச் சேர்த்துக் கொடுங்கள். ஆடம் ஸ்மித் 1776இல் எழுதிய குண்டூசிப் பட்டறையில் பத்துப் பேர் வேலையைப் பிரித்துக்கொண்டு நாளுக்கு 48,000 ஊசிகள் செய்தார்கள். தனித்தனியாகச் செய்திருந்தால் ஆளுக்கு 20 தேறுவதே சந்தேகம் என்கிறார் அவர். ஃபோர்டு 1913இல் நகரும் வரிசையைக் கொண்டுவந்தபோது, ஒரு கார் அடிச்சட்டத்தைப் பூட்ட 12 மணி நேரத்துக்கு மேல் ஆனது சுமார் ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. அப்புறம் கேளுங்கள்: ஐந்து நிமிடம் ஒட்டிக்கொண்டே இருந்தவருக்கு எப்படி இருந்தது? ஃபோர்டிலும் ஆட்கள் கூட்டம் கூட்டமாக வேலையை விட்டுப் போனார்கள். 1914 ஜனவரியில் நாள் கூலியை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி 5 டாலர் ஆக்கியதற்கு அதுவும் ஒரு காரணம். உற்பத்திப் பாடத்திலிருந்து ஊக்குவிப்புப் பாடத்துக்கு இதைவிட நல்ல பாலம் எனக்குத் தெரியாது.

விநியோகச் சங்கிலிக்கு, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1960 வாக்கில் உருவான ஒரு விளையாட்டு இருக்கிறது. மூலத்தில் பொருள் பீர், நாம் நோட்டு என்று வைத்துக்கொள்ளலாம். சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என நான்கு பேர். ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது, ஆர்டர் சீட்டு மட்டும் அனுப்பலாம், சரக்கு வந்து சேர இரண்டு வாரம் தாமதம். வாடிக்கையாளர் தேவை முதலில் வாரத்துக்கு 4, பிறகு ஒரே ஒரு முறை 8 ஆக உயர்ந்து அங்கேயே நிற்கும். அவ்வளவுதான் மாற்றம். ஆலைக்குப் போய்ச் சேரும்போது அது தாறுமாறாக ஏறி இறங்கும். முடிவில் எல்லோரும் அடுத்தவரைத் திட்டுவார்கள். இதற்கு இரண்டு பாடவேளை வேண்டும். ஒரே பாடவேளைக்குள் திணித்து, மணியடித்து, பாதியில் விட்ட அனுபவம் எனக்கு உண்டு.

படி 10: விடை எழுதும் பயிற்சிக்கான வளங்கள்

ஒரே கேள்விக்கு மூன்று விடைகளை நீங்களே எழுதுங்கள். ஒன்று பாடநூல் வரிகளை ஒப்பிப்பது. ஒன்று நிறுவனத்தின் எண்களைப் பயன்படுத்துவது, ஆனால் முடிவில்லாதது. ஒன்று முடிவோடு நிற்பது. மாணவர்கள் மதிப்பெண் போட்டு, ஏன் என்று சொல்லட்டும். மாதிரி விடையை ஒன்று மட்டும் கொடுத்தால் மனப்பாடம் செய்துவிடுவார்கள்.

பொருத்திக் காட்டுவதைச் சோதிக்க எளிய வழி: விடையில் நிறுவனத்தின் பெயரைக் கையால் மூடுங்கள். இது நோட்டுக் கம்பெனியைப் பற்றியது என்று இன்னும் தெரிகிறதா? அலசலுக்கு, ஒவ்வொரு கருத்துக்கும் பின்னால் இரண்டு முறை “அதனால்” வர வேண்டும் என்பது எங்கள் வகுப்பு விதி. முடிவுக்கு, “இது எதைப் பொறுத்தது என்றால்” என்று தொடங்கும் ஒரு வரி கட்டாயம்.

தடுமாறும் மாணவர்களுக்குத் தனியாக எளிய கேள்வி தயாரிக்க வேண்டாம். கேள்வி அதேதான், உதவி மட்டும் கூடுதல்: பாதி முடித்த கணக்கு, தேவையான சொற்களின் பட்டியல், முதல் வரி. அடுத்த தாளில் அந்த உதவியில் ஒன்றைக் குறையுங்கள்.

படி 11: இணையத்திலிருந்து எடுப்பது

எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டியதில்லை. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் தளத்தில் அறிமுக வணிகப் பாடநூல் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. கல்லூரி நிலைக்கானது என்பதால் அப்படியே கொடுக்க முடியாது, உதாரணங்களை எடுத்து எளிமையாக்கலாம். உலக வங்கியின் திறந்த தரவுத் தளம் பணவீக்கம், வேலையின்மை போன்ற எண்களுக்கு உதவும். பிபிசியின் மாணவர் பாடத் தளமான பைட்சைஸ் சுருக்கமான மறுபார்வைக்குப் பரவாயில்லை, ஆனால் பிரிட்டன் சட்டங்களை அடிப்படையாகக் கொண்டது என்பதை நினைவில் வையுங்கள். 1919இல் தொடங்கிய ஜூனியர் அச்சீவ்மென்ட், மாணவர்களே சிறு நிறுவனம் நடத்திப் பார்க்கும் திட்டங்களைப் பல நாடுகளில் நடத்துகிறது.

எடுக்கும் முன் உரிமக் குறிப்பைப் பாருங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் (மற்றவர் பயன்படுத்த அனுமதி தரும் பொது உரிமம்) என்று இருந்தால் அதில் எந்த வகை என்றும் பாருங்கள். சிலவற்றை மாற்றிப் பகிரலாம், சிலவற்றை மாற்றக் கூடாது. அப்புறம், செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் பயிற்சித் தாள் கேட்டு வாங்கினால், கணக்குகளை நீங்கள் ஒரு முறை போட்டுப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள். எண்கள் மேலுக்குச் சரியாகத்தான் தெரியும்.

படி 12: சேமிப்பும் புதுப்பிப்பும்

கோப்புகளை அத்தியாயப்படி அடுக்காமல், நோட்டுக் கம்பெனியின் மாதப்படி அடுக்குங்கள். ‘மாதம் 04, சிறப்பு ஆர்டர், மாணவர் தாள்’, ‘மாதம் 04, சிறப்பு ஆர்டர், ஆசிரியர் விடை’ என்று பெயர் இருந்தால் வேறு ஆசிரியர் வந்தாலும் கதை எங்கே நிற்கிறது என்று தெரியும். ஒவ்வொரு வகுப்பும் முடிந்த கையோடு, ஆசிரியர் தாளின் மூலையில் இரண்டு வரி எழுதிவிடுங்கள்: எவ்வளவு நேரம் பிடித்தது, எங்கே சிக்கினார்கள். மாலையில் எழுதலாம் என்று விட்டால் எழுத மாட்டீர்கள்.

ஆண்டு முடிந்ததும் எக்செல் தாளின் மேல் கட்டத்தில் நான்கைந்து எண்களை மாற்றுங்கள். விலை 60, மாறும் செலவு 36, நிலையான செலவு 7,200. லாப நட்டமற்ற புள்ளி மறுபடி 300தான், மற்ற கணக்குகள் எல்லாம் மாறிவிடும். போன ஆண்டு நோட்டைப் பார்த்து எழுதுகிறவரின் முதல் கணக்கு சரியாக வரும், இரண்டாவதில் மாட்டிக்கொள்வார்.